ஜேம்ஸ் ஜெப்ரீஸ்

அமெரிக்க நாட்டு ஓஹாயோ மாகாணத்தில் 1875-ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் ஜெப்ரீஸ், இளம்பருவத்திலேயே பெற்றோருடன் கலிபோர்னியா சென்று, கொதிகலம் செய்யுந் தொழிலில் அமர்ந்தார். சம்மட்டி பிடித்து முறுக்கேறிய தோள்களே பின்னர் அவர்க்கு முதலாயின. 1899-இல், இருபத்து நான்காம் வயதில், பிட்ஸ்சிம்மன்ஸ் என்னும் வீரரைப் பதினோராஞ் சுற்றில் வீழ்த்தி, அதிநிறைக் குத்துச்சண்டையில் உலக வாகை சூடினார். அதன்பின் எதிர்த்தோர் யாவரையும் வென்று, தோல்வியென்பதே அறியாதவராய் 1905-இல் ஓய்வு பெற்றார். அவ்வாகையின் பொருட்டுக் கருநிறத்தவர் எவரோடும் பொருதுவதில்லையென்று அவர் கொண்டிருந்த உறுதியை அந்நாளிற் பாராட்டினாரும் உளர். நமக்கோ அஃது அவர் வாழ்க்கையில் ஒரு மறுவாகவே தோன்றுகின்றது.

பின்னர் பர்பாங்க் என்னுமூரிற் குதிரைமசால் பயிரிட்டு வாழ்ந்தார். சண்டைக்களத்தில் ஏறக்குறைய 220 இராத்தல் நிறையுடன் நின்றவர், அங்கு 300 இராத்தலையுங் கடந்தார். பயிற்சியை விட்ட வீரர்க்குப் பசி மட்டும் பழைய பசியாகவே நிற்பதுண்டு. அவர்தம் தசையே கொழுப்பாய் மாறிவிடுகின்றதெனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. உழைப்பற்ற தசை மெலிகின்றது. செலவாகாத உணவு கொழுப்பாய் வேறே படிகின்றது. இரண்டும் ஒருங்கே நிகழ்வதனால், ஒன்று மற்றொன்றாயிற்றென்னும் மயக்கம் பிறக்கின்றது.

உழவராகவே அவர் இருந்திருப்பின் யார்க்கும் இழப்பில்லை. ஆனால் 1908-இல் சிட்னி நகரில் ஜாக் ஜான்சன் என்னுங் கருநிற வீரர் அவ்வாகையைக் கைக்கொண்டார். அதனைப் பொறாத வெள்ளையர் பலர், நாவலாசிரியர் ஜாக் லண்டன் உள்ளிட்டோர், ஜெப்ரீஸே மீண்டு வந்து தம் இனத்தின் மானத்தைக் காத்தல் வேண்டுமென வற்புறுத்தினர். ஒரு மனிதனுடைய உடம்பின்மேல் இத்துணைப் பெரிய சுமையை ஏற்றுதல் தகுமோ? அவரும் இசைந்தார். ஓடியும் உழைத்தும் 70 இராத்தலுக்கு மேல் நிறை குறைத்து 227-க்கு வந்தார். கண்டோர் பழைய ஜெப்ரீஸே வந்தாரென மகிழ்ந்தனர்.

1910 ஜூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில், கொடிய வெயிலில் அச்சண்டை நடந்தது. சிம்சோனுக்குத் தலைமயிர் மீண்டும் முளைத்தபின் பலமும் மீண்டது. ஜெப்ரீஸுக்கோ உருவம் மீண்டதேயன்றி வேகம் மீளவில்லை. ஆறாண்டு களங்காணாத கண் தூரத்தைத் தவறாக அளந்தது. முப்பத்தைந்து வயதுக் கால்கள் சொற்கேளாவாயின. ஜான்சனோ அவரை எளிதிற் கையாண்டார். பதினைந்தாஞ் சுற்றில், அதுகாறும் எவராலும் வீழ்த்தப்படாத அவர் தரையில் வீழ்ந்தார். அன்றிரவே நாடெங்குங் கலகம் மூண்டு பலர் மாண்டனர். மாண்டாரிற் பெரும்பாலார் கருநிறத்தவரே.

தம் முழுவலிமைக் காலத்தும் ஜான்சனைத் தம்மால் வென்றிருத்தல் இயலாதென ஜெப்ரீஸ் ஒப்பியதாகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவரை அழைத்தோர்க்கு அச்சொல் இனித்திராது. அவர் பர்பாங்க் நிலத்துக்கே திரும்பி, அங்கிருந்த தொழுவமொன்றைக் குத்துச்சண்டை அரங்கமாக்கி, இளைஞரைப் பொருதச் செய்து கண்டு, 1953 மார்ச் 3-ஆம் நாள் அவ்வூரிலேயே காலமானார்.