வோரனோய்: 40 வயதில் முடிந்த வாழ்க்கை, இன்னும் முடியாத கேள்வி

இந்த இதழில் ஒரு கணித மேதையின் கதை. பெயர் கியோர்கி வோரனோய். சிஎஸ்இ மாணவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு படம் ஞாபகம் வரும். மற்ற துறை நண்பர்களே, இது நமக்கு இல்லன்னு தாண்டிப் போயிடாதீங்க. நீங்களும் இவரைப் படிச்சிருக்கீங்க, என்ன, வேற பெயர்ல படிச்சிருப்பீங்க.

சிவில் மாணவர்களுக்கு ஹைட்ராலஜி பாடத்தில் தீசன் பலகோண முறை வரும். ஒரு பகுதியில் அங்கங்கே மழைமானிகள் இருக்கும். எந்த மழைமானி எவ்வளவு நிலத்துக்குப் பொறுப்பு என்று பிரித்து சராசரி மழையைக் கணக்கிடுவோம். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு பாகத்தை ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் பண்ணும்போது சாஃப்ட்வேர் அதை முக்கோணங்களாக மெஷ் போடும். இசிஇ மாணவர்கள் எந்த இடம் எந்த டவருக்கு அருகில் என்று செல்களாகப் பிரிப்பார்கள். இதுக்கெல்லாம் அடியில இருக்கிறது ஒரே படம்தான்.

அந்தப் படம் ரொம்ப எளிமையானது. உங்க ஊர்ல அஞ்சு பெட்ரோல் பங்க் இருக்குன்னு வைங்க. ஊரில் எந்த இடத்தில் நின்றாலும் நேர்கோட்டில் அளந்தால் எந்த பங்க் பக்கம்? அந்த பங்க்கின் நிறத்தை அந்த இடத்துக்குப் பூசுங்க. ஊர் முழுக்கப் பூசி முடித்தால் அஞ்சு நிறத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு எல்லையும் இரண்டு பங்க்குகளுக்கு நடுவே போகும் மையக்குத்துக்கோட்டின் ஒரு பகுதி. பத்தாம் வகுப்புக்கு முன்னாடியே நாம காம்பஸ் வச்சு வரைஞ்ச அதே மையக்குத்துக்கோடுதான். இதுதான் வோரனோய் டயகிராம்.

இதுல ஆச்சரியம் என்னன்னா, வோரனோய் மழைக்காகவும் டவருக்காகவும் இதைச் செய்யவில்லை. அவர் தேடியது எண்களைப் பற்றிய ஒரு பதிலை.

ஜுராவ்கா கிராமத்துப் பையன்

1868 ஏப்ரல் 28 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த உக்ரைனின் ஜுராவ்கா என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா இலக்கியப் பேராசிரியர். பையனுக்கோ அல்ஜீப்ரா. பள்ளியில் படிக்கும்போதே கீவ் நகரில் வெளிவந்த ஒரு கணித இதழில் இவருடைய கட்டுரை வந்துவிட்டது. பல்லுறுப்புக் கோவைகளைக் காரணிப்படுத்துவது பற்றிய கட்டுரை அது. வருடம் 1885, வயது 17.

அதே வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஆந்த்ரேய் மார்க்கோவ். ஆமாங்க, மெஷின் லேர்னிங்கில் நாம் படிக்கும் மார்க்கோவ் செயின் அவருடையதுதான்! 1894-இல் முதுநிலை ஆய்வேட்டை முடித்த வோரனோய், வார்சா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணிக்குப் போனார். அப்போது வார்சாவும் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. 1897-இல் முனைவர் பட்டம். முதுநிலை, முனைவர் ஆய்வேடுகள் இரண்டுக்குமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதமியின் புன்யகோவ்ஸ்கி பரிசு கிடைத்தது.

இரண்டு ஆய்வேடுகளுமே முப்படிச் சமன்பாடுகளின் மூலங்களிலிருந்து பிறக்கும் எண்களைப் பற்றியவை. அவற்றில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இப்படி ஒரு எண் இருக்கிறது என்று நிரூபிப்பதோடு வோரனோய் நிற்கவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, முதல் படி என்ன, அடுத்த படி என்ன, எப்போது நிறுத்துவது என்று முழு வழிமுறையையும் எழுதினார். கம்ப்யூட்டர் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் அவர் எழுதியவை அல்காரிதம்கள்தான். அந்த முப்படி எண்களுக்கான வழிமுறையை இன்றைக்கும் வோரனோய் அல்காரிதம் என்றே அழைக்கிறார்கள்.

வார்சாவில் ஒரு மாணவர்

வார்சாவில் இவரிடம் படித்த ஒருவரை உங்களுக்குத் தெரியும். ரிகர்ஷன் சொல்லித்தரும்போது முக்கோணத்துக்குள் முக்கோணமாக ஒரு படம் வரைவாங்களே, சியர்பின்ஸ்கி முக்கோணம், அந்த வாக்லாவ் சியர்பின்ஸ்கிதான். எண் கோட்பாட்டில் வோரனோயின் பங்களிப்பு பற்றி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். சியர்பின்ஸ்கி எழுதி தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனால் கட்டுரையை ரஷ்ய மொழியில் அச்சிட அவர் சம்மதிக்கவில்லை. போலந்தை ரஷ்யா ஆண்ட காலம், அவர் போலந்துக்காரர். பிறகு அது போலந்து இதழில் வந்தது. கட்டுரைக்கு விதை, வோரனோய் 1903-இல் வெளியிட்ட ஒரு முறை. அதைச் சியர்பின்ஸ்கி, ஒரு வட்டத்துக்குள் எத்தனை முழு எண் புள்ளிகள் விழும் என்ற காஸ் காலத்துக் கேள்விக்குப் பொருத்திப் பார்த்தார்.

புள்ளிகளும் துண்டுகளும்

1904-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உலகக் கணித மாநாடு நடந்தது. அங்கே வோரனோய் ஹெர்மன் மின்கோவ்ஸ்கியைச் சந்தித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் பக்கத்துப் பக்கத்துக் கேள்விகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி இதுதான்.

கட்டம் போட்ட நோட்டில் கோடுகள் வெட்டும் எல்லா இடத்திலும் ஒரு புள்ளி வையுங்க. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் இந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு லாட்டிஸ் என்று பெயர். கட்டம் சதுரமாக இருக்கணும்னு இல்ல, சாய்ந்தும் இருக்கலாம். மூன்று, நான்கு, பத்து பரிமாணத்திலும் இருக்கலாம். ஒவ்வொரு லாட்டிஸும் ஒரு இருபடிச் சமன்பாட்டு வடிவத்துக்குச் சமம். ஆக, இருபடி வடிவங்களை வகைப்படுத்தணும்னா லாட்டிஸ்களை வகைப்படுத்தினால் போதும்.

இங்கேதான் நம்ம படம் வருகிறது. லாட்டிஸின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெட்ரோல் பங்க். எல்லாப் புள்ளிக்கும் ஒரே மாதிரித் துண்டுதான் கிடைக்கும். அந்த ஒரு துண்டின் வடிவத்தைப் பார்த்தே லாட்டிஸ் எந்த வகை என்று சொல்லிவிடலாம். 1850-இலேயே டிரிக்ளே இரண்டு, மூன்று பரிமாணங்களுக்கு இப்படி யோசித்திருந்தார். எத்தனை பரிமாணம் ஆனாலும் வேலை செய்யும்படி முழுக் கோட்பாட்டைக் கட்டியவர் வோரனோய். 1908-இல் கிரெல் இதழில் இரண்டு நீண்ட கட்டுரைகளை பிரெஞ்சில் எழுதினார். இரண்டாவது கட்டுரையின் ஒரு பகுதி 1909-இல்தான் அச்சானது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

வலியும் நாட்குறிப்பும்

வோரனோய்க்குப் பித்தப்பைக் கல். கடுமையான வலி வந்து வந்து போகும். 1905-இல் தொடங்கிய கிளர்ச்சியில் வார்சா பல்கலைக்கழகம் மூடப்பட்டது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை, ஊரும் அமைதியாக இல்லை. ஆனால் அவருடைய மிகப் பெரிய வேலை நடந்தது இந்த வருடங்களில்தான்.

அவர் நாட்குறிப்பு எழுதுவார். கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு பதிவு படிக்கிறவங்களை உலுக்கிவிடும். இருபடி வடிவங்களைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டிருந்த எல்லாக் கேள்விக்கும் விடை தரக்கூடிய ஒரு அல்காரிதம் முதல் முறையாகத் தெளிவாக மனதில் பட்டது என்று எழுதுகிறார். அதே நாளில் கடும் வலி வந்து சாயங்காலம் வேலை செய்ய முடியவில்லை, இரவு தூக்கமும் இல்லை என்கிறார். இவ்வளவு பாடுபட்டுக் கண்டதெல்லாம் தன்னோடு சேர்ந்து அழிந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. விடை தலைக்குள்ள இருக்கு. எழுதி முடிக்க நாள் இல்லை. 1908 நவம்பர் 20 அன்று வோரனோய் இறந்தார். வயது 40. பிறந்த ஜுராவ்காவிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் மனதில் பட்ட அந்த அல்காரிதம் முழுக் கட்டுரையாக வெளிவரவே இல்லை. அந்த அளவில் அவருடைய பயம் பலித்துவிட்டது.

எழுதி வைத்தது என்ன ஆச்சு?

எழுதி அனுப்பியவை பிழைத்தன. அவர் இறந்தபோது 18 வயதாக இருந்த போரிஸ் டெலோனே பிற்பாடு அவருடைய கணிதத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார். வோரனோய் டயகிராமில் எல்லை பகிரும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் முக்கோண வலை கிடைக்கும். எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி இருக்காது. 1934-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை டெலோனே வோரனோயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க மெஷ்ஷில் வரும் டெலோனே முக்கோணங்கள் இவைதான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே கணினி வடிவியல் என்ற துறையும் வந்தது. கேள்வி மாறியது. படம் என்ன என்று தெரியும், எவ்வளவு வேகமாக வரையலாம்? பத்து லட்சம் புள்ளிகளில் ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டால் லட்சம் கோடி அளவில் வேலை. 1975-இல் ஷேமோஸும் ஹோயியும் புள்ளிகளை இரண்டாகப் பிரித்து, தனித்தனியே வரைந்து, ஒட்டும் முறையைக் கொடுத்தார்கள். மெர்ஜ் சார்ட் மாதிரியே என் லாக் என் நேரம். பத்து லட்சம் புள்ளிக்கு இரண்டு கோடி படிகள் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

1986-இல் ஸ்டீவன் ஃபார்ச்சூன் கொடுத்த முறை இன்னும் அழகு. ஒரு கிடைக்கோட்டை மேலிருந்து கீழே நகர்த்துங்க. கடந்து வந்த ஒரு புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் இடங்கள் எல்லாம் சேர்ந்தால் என்ன வரும்? பரவளையம்! புள்ளி குவியம், கோடு இயக்குவரை, பிளஸ் டூ கணக்குதான். எல்லாப் பரவளையங்களும் சேர்ந்து கடற்கரை அலை மாதிரி ஒரு விளிம்பை உண்டாக்கும். கோடு இறங்க இறங்க அலையும் இறங்கும். இரண்டு பரவளையங்கள் சந்திக்கும் இடம் நகரும் பாதையே வோரனோய் எல்லை. கோடு புதுப் புள்ளியைத் தொடும்போதும், ஒரு பரவளையத் துண்டு சுருங்கி மறையும்போதும் மட்டும் கணக்குப் போட்டால் போதும். ஒரு பிரையாரிட்டி க்யூ, ஒரு பேலன்ஸ்டு ட்ரீ, நாம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்சதுதான்.

இன்னும் திறந்திருக்கும் கதவுகள்

அப்போ எல்லாம் முடிஞ்சுதா? இல்லைங்க.

முதல் கேள்வி. முப்பரிமாணத்தில் புள்ளிகளுக்குப் பதிலாக நேர்கோடுகளை வையுங்க. ஒவ்வொரு இடமும் தனக்கு அருகிலுள்ள கோட்டோடு சேரட்டும். கோடுகளின் எண்ணிக்கை என் என்றால், அந்தப் படத்தில் மொத்தம் எத்தனை பரப்பு, எத்தனை விளிம்பு வரும்? கிட்டத்தட்ட என் ஸ்கொயர்தான் என்று ஊகிக்கிறார்கள். ஆனால் பொதுவான கோடுகளுக்கு நிரூபித்த மேல் வரம்பு என் கியூபை ஒட்டியே நிற்கிறது.

இரண்டாவது கேள்வி வோரனோயே விட்டுப்போனது. ஒரே குவிந்த வடிவத்தை, திருப்பாமல் நகர்த்தி மட்டும் அடுக்கி, முகத்தோடு முகம் பொருத்தி, வெளி முழுவதையும் இடைவெளி இல்லாமல் நிரப்ப முடிகிறது என்று வைங்க. தளத்தில் என்றால் இணைகரமும், எதிர்ப் பக்கங்கள் இணையாகவும் சம நீளமாகவும் உள்ள அறுகோணமும் அப்படிப்பட்டவை. இப்படிப்பட்ட ஒவ்வொரு வடிவத்தையும், இழுத்துச் சாய்த்து, ஏதோ ஒரு லாட்டிஸின் வோரனோய் துண்டாக மாற்ற முடியுமா? முடியும் என்பது வோரனோயின் ஊகம். ஒவ்வொரு மூலையிலும் துண்டுகள் மிகக் குறைவாகக் கூடும் வகைக்கு அவரே நிரூபித்துவிட்டார். 1929-இல் டெலோனே நான்கு பரிமாணத்துக்கு முடித்தார். அப்போது அவர் 51 வகைகளைப் பட்டியலிட்டார். விட்டுப்போன 52-ஆவதை 1973-இல் ஷ்டோக்ரின் கண்டுபிடித்தார். ஐந்து பரிமாணத்துக்கு கார்பரும் மகசினோவும் 2019-இல் நிரூபணம் வெளியிட்டார்கள். ஐந்து பரிமாணத்தில் மட்டும் லாட்டிஸ் துண்டுகள் 1,10,244 வகை! அதனால் கம்ப்யூட்டர் இல்லாமல் இந்தப் பட்டியலைப் போட வழியில்லை. பொதுவாக எல்லாப் பரிமாணத்துக்கும் விடை இன்றுவரை இல்லை.

இதெல்லாம் வெறும் விளையாட்டுன்னு நினைக்காதீங்க. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடையாத மறையாக்கத்துக்காக அமெரிக்காவின் நிஸ்ட் 2024-இல் அறிவித்த தரநிலைகளில் முக்கியமானவை லாட்டிஸ் அடிப்படையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பெரிய பரிமாண லாட்டிஸில், கொடுத்த இடத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதே அந்தப் பாதுகாப்பின் அடிநாதம். அதை வோரனோய் துண்டை வைத்தே தீர்க்கும் அல்காரிதமும் 2010-இல் வந்தது. ஆனால் துண்டின் முகங்கள் பரிமாணத்தோடு இரண்டின் அடுக்காக ஏறக்கூடியவை. இரண்டு பரிமாணத்தில் அதிகபட்சம் 6, மூன்றில் 14, பத்தில் 2046. நூற்றுக்கணக்கில் போனால் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது.

வோரனோய் வெளியிட்டவை மொத்தம் ஒரு டஜன் அளவுக்குத்தான். அவருடைய படைப்புகளை 1952-53-இல் கீவ் நகரில் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். இறந்து நூறு ஆண்டு ஆனபோது, 2008-இல், உக்ரைன் அவர் நினைவாக ஒரு நாணயம் வெளியிட்டது. அழிந்துவிடும் என்று அவர் பயந்ததில் எழுதாத பகுதி போய்விட்டது. வலியோடு உட்கார்ந்து எழுதி அனுப்பிய பகுதி இன்று நம்ம சிலபஸில் இருக்கிறது.

பைத்தான் தெரிந்தவங்க, சைபையில் வோரனோய் என்று ஒரு வசதி இருக்கு. நாலு வரி போதும், பத்துப் புள்ளி கொடுத்து வரைஞ்சு பாருங்க. அப்புறம் அதே படத்தை லைப்ரரி இல்லாமல், ஃபார்ச்சூன் முறையில் நீங்களே எழுத முயற்சி பண்ணுங்க. ஒரு வாரம் ஆகும். ஆனா அந்த ஒரு வாரத்துல, வோரனோய் எந்த மாதிரி வேலையில் தன் நாட்களைச் செலவழித்தார் என்று கொஞ்சம் புரியும். கண்டுபிடிச்சதை எழுதியும் வையுங்க, நண்பர்களே.