தையற்பொறி தந்த சிங்கர்

காஞ்சி நாடாவின் நகரமேயன்றி ஊசியின் நகரமன்று. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் உருவாகும் பட்டுச்சேலையானது, உடலும் கரையும் கோர்வையால் இணையப்பெற்று, முந்தானை பிட்னியால் பொருந்தப்பெற்று, தறியினின்று இறங்கும்பொழுதே முழுமை எய்திவிடுகின்றது. அதனை வெட்டுவாருமில்லை, தைப்பாருமில்லை. ஆயினும் அச்சேலையோடு அணியும் ரவிக்கைக்கும், சிறுமியர் உடுக்கும் பட்டுப்பாவாடைக்கும் ஊசி இன்றியமையாதது. ஆதலின் நெசவாளர் தெருக்களை அடுத்துத் தையற்காரர் கடைகளும் உண்டு. அவற்றுட் சிலவற்றில், புதிய மின்விசை இயந்திரங்களின் நடுவே, கன்னங்கரிய உடலும், தேய்ந்து மங்கிய பொன்னிறக் கொடிவேலையும் உடைய பழைய மிதி இயந்திரம் ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கக் காணலாம். அதன் கைப்பகுதியில் சிங்கர் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயரைக் காணாதார் இலர். அப்பெயர்க்குரியவர் வரலாற்றை அறிந்தாரோ மிகச் சிலர்.

வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் நன்மக்களையே தேர்ந்துகொள்ளுதல் மரபு. யாம் ஈண்டு அம்மரபினின்றும் சற்று விலகுகின்றோம். சிங்கர் நன்மகனார் அல்லர். எனினும் அவர் செய்த பொருள் உலகிற்கு நன்மை பயந்தது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே எங்ஙனம் அமைந்தன என்பதே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

ஐசக் மெரிட் சிங்கர் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியினின்று குடியேறியவர். சிங்கர் பத்து வயதுச் சிறுவராயிருந்தபோது பெற்றோர் மணமுறிவு செய்துகொண்டனர். மாற்றாந்தாயோடு ஒத்து வாழ இயலாத சிறுவர் பன்னிரண்டாம் வயதில் வீட்டைத் துறந்து, ராச்செஸ்டர் நகரில் தமையனாரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே இயந்திரத் தொழில் பயின்றார். ஆனால் மனம் நாடகத்தின்மீது சென்றது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் முழங்கும் குரலும் உடைய அவ்விளைஞர், கூத்தர் குழுவொன்றிற் சேர்ந்து ஊர் ஊராய் அலைந்தார். பொருள் தீர்ந்தவிடத்துப் பட்டறையில் வேலை செய்வதும், பொருள் சேர்ந்தவிடத்து மேடையேறுவதுமாக ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்தன.

1839இல், கால்வாய் வெட்டும் வேலையிலிருந்தபோது, பாறை துளைக்கும் பொறியொன்றை அமைத்து உரிமை பெற்று, அதனை 2,000 டாலருக்கு விற்றார். அக்காலத்தில் அது பெருந்தொகை. அதனைக் கொண்டு நிலம் வாங்கினாரல்லர், கடை வைத்தாரல்லர், தம் பெயராற் சொந்த நாடகக் குழு அமைத்து முழுவதையும் செலவழித்தார். பின்னர் 1849இல் மர எழுத்துச் செதுக்கும் பொறியொன்றிற்கு உரிமை பெற்றார். அப்பொறி வைத்திருந்த நியூயார்க் பட்டறையிற் கொதிகலன் வெடித்து அதனை அழித்துவிட்டது. ஜார்ஜ் ஸீபர் என்னும் நூல் வெளியீட்டாளர் இரங்கிப் பொருளுதவி புரிய, மறுபடியும் செய்த பொறியைப் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்ஸ் என்பாரது பட்டறையிற் காட்சிக்கு வைத்தார். வாங்குவார் இலர். நாற்பதை எட்டும் வயதில், கைப்பொருளற்று, மக்கள் பலரைக் காக்கும் சுமையோடு நின்ற அவர் கண்ணில் அப்பட்டறையிலேதான் தையல் இயந்திரம் பட்டது.

அவை வேறொருவர் அமைத்த இயந்திரங்கள். அடிக்கடி பழுதுற்றுத் திருத்தத்திற்கு வந்தவை. தையல் இயந்திரத்தைச் சிங்கரே கண்டுபிடித்தார் என்று பலர் கருதுவது பிழை. எலியாஸ் ஹவ் என்பார் 1846ஆம் ஆண்டிலேயே, முனையிற் காதுடைய ஊசியும், அடியில் ஓடும் நாடாவும் கொண்ட இயந்திரத்திற்கு உரிமை பெற்றிருந்தார். இதன் இயக்கத்தைக் காஞ்சி வாசகர்க்கு விளக்குதல் எளிது. பாவு நூல் விலகி வழிவிட, அதனூடே நாடா பாய்ந்து ஊடை நூலை விட்டுச் செல்வது நெசவு. இங்கே ஊசி துணியைத் துளைத்து இறங்கிச் சற்று மேலெழும்போது அதன் நூல் ஒரு கண்ணியாக விரிகின்றது. அக்கண்ணியினூடே சிறு நாடா பாய்ந்து கீழ்நூலைச் செலுத்துகின்றது. ஊசி மேலேற இரு நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. நெசவாளன் நாடாவின் தம்பியே தையற்பொறியின் நாடா எனின் அது மிகையாகாது.

ஹவ் செய்த இயந்திரத்தில் ஊசி வளைந்தது. துணி செங்குத்தாகத் தொங்கியது. சிறிது தூரம் தைத்ததும் நிறுத்தி மீண்டும் மாட்டவேண்டியிருந்தது. சிங்கர், ஊசி நேராக மேலுங் கீழும் இயங்கவும், துணி மேசைமீது படுத்துச் செல்லவும், பாதம் ஒன்று துணியை அழுத்திப் பிடிக்கவும், நேராயினும் வளைவாயினும் இடையறாது தைக்கவும் வழி வகுத்தார். ஸீபர் தந்த 40 டாலரைக் கொண்டு, இரவு பகலாய் உழைத்துப் பதினொரு நாளில் முதற்பொறி முடிந்தது என்பர். 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் உரிமை கிடைத்தது. இன்று நம் தெருவிலுள்ள இயந்திரத்தின் உருவம் அன்று அமைந்ததேயாகும்.

உரிமை கிடைத்த ஆண்டிலேயே கூட்டாளிகள் விலக்கப்பட்டனர். பெல்ப்ஸ் முதலில் நீங்கினார். ஸீபர் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது, அவர் பிழையார் என மருத்துவர் கருதுவதாகச் சொல்லி, அவரது பங்கைச் சிங்கர் 6,000 டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். ஸீபரோ பிழைத்தெழுந்தார், பங்கு மீளவில்லை. ஆபத்திற் கைகொடுத்தவர்க்குச் செய்த இச்செயலை எவ்வாறு எண்ணினும் எம்மால் மன்னிக்க இயலவில்லை.

எட்வர்டு கிளார்க் என்னும் வழக்கறிஞர் மட்டும் நிலைத்தார். ஹவ் தொடுத்த வழக்கில் 1854இல் தோற்றுச் சிங்கர் 15,000 டாலர் செலுத்தினார். 1856இல், ஒருவரையொருவர் வழக்கால் அழித்துக்கொண்டிருந்த பொறி வணிகர் ஒன்றுகூடி உரிமைகளைப் பொதுவாக்கிக்கொண்டனர். அவ்வாண்டிலேயே கிளார்க் தவணை முறையைத் தொடங்கினார். ஓர் இயந்திரத்தின் விலை 100 டாலருக்கு மேலாகவும், எளிய குடும்பத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 500 டாலராகவும் இருந்த காலம் அது. சிறுதொகை கொடுத்து வீட்டிற்குக் கொண்டுபோய், தைத்து ஈட்டியதிலிருந்தே கடனைத் தீர்க்கலாம் என்னும் அவ்வழி ஏழைப்பெண்டிர் கைக்கும் பொறியை எட்டச் செய்தது. நாடகத்திற் பயின்ற குரலோடு சிங்கர் கண்காட்சிகளிற் பொறியைப் பரப்ப, கிளார்க் கணக்கை நடத்தினார். ஒருவரை ஒருவர் விரும்பாத இருவர் இத்துணை இசைந்து பொருளீட்டியது வியப்பே.

செல்வம் வந்தபின் மறைந்திருந்தது வெளிப்பட்டது. 1830இல் மணந்த காதரைன் இருக்கவே, மேரி ஆன் என்பாளோடு பல்லாண்டு இல்லறம் நடத்தியவர், வேறு பெயர்கள் பூண்டு நியூயார்க்கிலேயே இன்னும் இரு குடும்பங்களை வைத்திருந்தார். 1860இல் மேரி ஆன் அவரை மற்றொருத்தியோடு வண்டியிற் கண்டு நடுத்தெருவில் எதிர்நின்றாள். ஊர் நகைத்தது, சிங்கர் ஐரோப்பாவிற்கு ஓடினார். 1863இல் கிளார்க்கோடிருந்த கூட்டு கலைந்து சிங்கர் உற்பத்தி நிறுவனம் உருவாயிற்று. அவ்வாண்டே இசபெல்லா என்பாரை மணந்து, பின்னர் இங்கிலாந்தின் தென்மேற்கே பெயின்டன் என்னும் கடற்கரையூரிற் குடியேறினார். அங்கே மாளிகையெழுப்பி, அது நிறைவுறுமுன் 1875ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இறந்தார். 20க்கு மேற்பட்ட மக்களும், ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட செல்வமும் விட்டுச்சென்றார்.

இனி நம் நாட்டின் தொடர்பு ஒன்று கூறவேண்டும். 1924இல் சாந்திநிகேதன மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன், காந்தியடிகள் இயந்திரம் அனைத்தையும் வெறுக்கின்றாரோ என வினவினார். அடிகள் விதிவிலக்காகக் காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு பொறாத அன்பே சிங்கரை அதனை அமைக்கத் தூண்டிற்று என்றும் அடிகள் கருதினார். அவ்வினாவை எழுப்பிய மாணவரே பிற்காலத்தில், 1947இல், திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை மனைவியார் சௌந்தரம் அம்மையாரோடு நிறுவியவர்.

அடிகள் கூறிய அன்பின் கதை சிங்கருக்குப் பொருந்தாது என்பதை மேற்கூறியவற்றால் வாசகர் உணர்ந்திருப்பர். அது ஹவ் வாழ்க்கைக்கே பெரிதும் பொருந்தும். அவர் உடல்நலம் குன்றியிருந்த நாளில் மனைவி எலிசபெத் பிறர் துணிகளைத் தைத்துக் குடும்பம் காத்ததை அருகிருந்து பார்த்தவர் அவர். அவ்வம்மையாரோ கணவர் செல்வமெய்துமுன்னரே காசநோயால் மாண்டார். எனினும் அடிகள் பொறியைப்பற்றிக் கொண்ட முடிபு பிழையன்று என்பதே எம் கருத்து. அவர் எடையிட்டது ஒரு கருவி உழைப்பாரை விடுவிக்கின்றதா, விழுங்குகின்றதா என்பதையன்றோ? வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு கைம்பெண் தன் மக்களைக் காக்க இப்பொறி உதவுவதை யாம் கண்டிருக்கின்றோம். அவளுக்குச் சிங்கரது ஒழுக்கம் ஒரு பொருட்டன்று.

பழைய பொறியை நாடுவார்க்குச் சில சொற்கள். பழைய இரும்புக் கடைகளிலும், பிரியும் கூட்டுக்குடும்பங்களின் பரண்களிலும் அவை கிடைக்கும். அடித்தளத்தின் வலப்பக்கத்தே எண் ஒன்று இருக்கும். எண் மட்டும் இருப்பின் 1900க்கு முற்பட்டது. முன்னே எழுத்தும் இருப்பின் பிற்பட்டது. எப்ஃ, ஒய் என்னும் எழுத்துக்களுடையன ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்கில், 1980இல் மூடப்பட்ட பெருந்தொழிற்சாலையிற் பிறந்தவை. இடப்பக்கத் தகட்டை நகர்த்திப் பாருங்கள். உள்ளே நீண்ட நாடா இருந்தால் அது பழைய வகை. நாடா தொலைந்த பொறியை வாங்குதல் தவறு; மாற்று எளிதிற் கிடையாது. இறுகிப்போன பொறியும் மண்ணெண்ணெயிட்டு ஓரிரு நாள் பொறுத்துப் பின் தையல் எண்ணெய் விட்டால் பெரும்பாலும் இளகும். பொன்வேலை மீது மட்டும் மண்ணெண்ணெய் படலாகாது. எகிப்திய நரசிங்க உருவம் தீட்டிய பொறி கிடைத்தவர் பேறு பெற்றவர்.

சிங்கர் நிறுவனத்தார் பிற்காலத்தே நம் நாட்டில் விற்ற இயந்திரத்திற்கு மெரிட் எனப் பெயரிட்டனர். அது தகுதி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் என்றே நம் தையற்காரர் பலரும் எண்ணுகின்றனர். அது அந்நாடகக்காரரின் நடுப்பெயர்.