எழுந்து நின்ற காவலர்

கால்பந்துக் களத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களுள் பதின்மர் பிழை செய்தால், அதனைத் திருத்துவதற்குப் பின்னால் ஒருவரேனும் இருப்பார். கோல் காப்பாளர் பிழை செய்தாலோ, அவருக்குப் பின்னால் வலை மட்டுமே இருக்கும். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடைய கோல் வாயிலைக் காக்கும் அவர், பல பந்துகளைத் தடுத்ததை மக்கள் மறந்துவிடக்கூடும். தவறவிட்ட ஒன்றை எளிதில் மறப்பதில்லை. அத்தகைய பணியில் இருபது ஆண்டுகள் நிலைத்து நின்றவர், சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின். அவரும் பிழை செய்தவரே. பிழைக்குப் பின் அவர் மீண்டு வந்த வரலாறு நாம் அறியத்தக்கது.

தொழிற்சாலையில் கழிந்த இளமை

யாஷின் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மாஸ்கோவில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தபோது, அக்குடும்பம் உல்யானவ்ஸ்க் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. ஆடவர் பலரும் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், தொழிற்சாலைப் பணிகள் சிறுவர்களின் தோள்களில் ஏறின. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே யாஷின் எந்திரங்களின் முன் நின்றார். ஓய்வின்றி உழைத்த அவர், பதினெட்டாம் வயதில் உடலும் உள்ளமும் சோர்ந்து அவ்வேலையை விட்டு விலகினார். பின்னர்ப் படைப்பணியில் சேர்ந்தார். அங்கு அவரது ஆட்டத்திறன் கண்டறியப்பட்டு, மாஸ்கோ டைனமோ கழகத்தின் இளைஞர் அணியில் இடம் கிடைத்தது.

முதல் சறுக்கல்

1950இல் டைனமோவின் முதன்மை அணிக்காக ஒரு நட்புமுறை ஆட்டத்தில் களமிறங்கினார். எதிரணியின் கோல் காப்பாளர் மறுமுனையிலிருந்து ஓங்கி உதைத்த பந்தைப் பிடிக்க ஓடியவர், தம் அணி வீரர் ஒருவர்மீதே மோதி நிலைகுலைந்தார். பந்து வலைக்குள் சென்றது. ஒரு கோல் காப்பாளர் அடித்த பந்து மற்றொரு கோல் காப்பாளரைக் கடந்து கோலானது கண்டு அரங்கம் நகைத்தது. முதன்மை அணியில் நிலையான இடம் பெற அவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவர் சோர்ந்திருக்கவில்லை. பனிவளைகோல் பந்தாட்டத்திலும் கோல் காப்பாளராக ஆடி, 1953இல் சோவியத் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார்.

புதிய வழி வகுத்தவர்

அக்காலக் கோல் காப்பாளர்கள் பெரும்பாலும் கோல் கோட்டை ஒட்டியே நின்றனர். யாஷின் முன்னோக்கி ஓடிவந்து ஆபத்தை முன்கூட்டியே தடுத்தார். பிடிக்க இயலாத பந்துகளை முட்டியால் குத்தி விலக்கினார். உரத்த குரலில் தடுப்பாட்டக்காரர்களை நெறிப்படுத்தினார். பிடித்த பந்தை உடனே கையால் எறிந்து தம் அணியின் தாக்குதலைத் தொடங்கி வைத்தார். கருநிறமாகத் தோன்றிய அவரது உடையும் நீண்ட கைகளும் அவருக்குக் கருஞ்சிலந்தி என்னும் பட்டப்பெயரைப் பெற்றுத் தந்தன.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோற்றது. அந்த யூகோஸ்லாவியாவை இறுதி ஆட்டத்தில் 1-0 என வென்று சோவியத் அணி தங்கம் பெற்றது. 1960இல் முதலாவது ஐரோப்பியக் கோப்பையையும் அவ்வணியே வென்றது. இரு வெற்றிகளிலும் கோல் வாயிலைக் காத்தவர் யாஷின்.

பழியும் மீட்சியும்

1962இல் சிலியில் நடைபெற்ற உலகக்கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக 4-1 என முன்னிலை பெற்றிருந்த சோவியத் அணி, இறுதியில் 4-4 எனச் சமன் செய்தது. அவற்றுள் ஒரு கோல், கார்னர் உதையிலிருந்து எவரும் தொடாமல் நேராக வலைக்குள் சென்றது. காலிறுதியில் சிலியிடம் 1-2 எனத் தோற்று அணி வெளியேறியது. ஆட்டத்தை நேரில் காணாத மக்கள், செய்திகளைக் கொண்டே தீர்ப்பு வழங்கினர். அணியின் தோல்வி ஒருவரின் தோல்வியாயிற்று. தாயகத்தில் அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். அவர் வீட்டுச் சாளரக் கண்ணாடிகளும் உடைக்கப்பட்டன. அவரது ஆட்டக்காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

யாஷின் விளக்கங்களில் காலம் கழிக்காமல் பயிற்சிக்குத் திரும்பினார். 1963இல் டைனமோ மீண்டும் நாட்டின் வாகையர் பட்டம் வென்றது. அவ்வாண்டு அக்டோபரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஆட்டத்தில் உலக அணியின் வாயிலைக் காக்க அவர் அழைக்கப்பட்டார். இலண்டன் வெம்பிளி அரங்கில் அவர் ஆடிய முதற்பாதியில் இங்கிலாந்தால் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. அதே ஆண்டு, ஐரோப்பாவின் சிறந்த வீரருக்குரிய தங்கப்பந்து விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற ஒரே கோல் காப்பாளர் அவரே. 1966 உலகக்கோப்பையில் சோவியத் அணி நான்காம் இடம் பெற்றபோதும் அவரே அதன் முதன்மைக் காவலர்.

நிலைத்த புகழ்

1971இல் மாஸ்கோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர் முன்னிலையில் அவர் விடைபெற்றார். இகழ்ந்த நாடே எழுந்து நின்று வழியனுப்பியது. முதுமை அவருக்கு எளிதாக அமையவில்லை. 1980களில் நோயால் ஒரு காலை இழந்தார். 1990 மார்ச் 20ஆம் நாள் மறைந்தார். 1994 முதல் உலகக்கோப்பையின் சிறந்த கோல் காப்பாளருக்கான விருது பல ஆண்டுகள் அவர் பெயரால் வழங்கப்பட்டது.

வலைக்குள் விழுந்த பந்தை எடுத்து, நடுக்களத்திற்கு அனுப்பிவிட்டு, அடுத்த பந்துக்கு ஆயத்தமாவதே கோல் காப்பாளரின் கடமை. தேர்விலோ பணியிலோ சறுக்கல் நேரும் நாளில் நாமும் செய்யத்தக்கது அதுவே. யாஷின் அதனைத் தம் வாழ்வாலேயே செய்து காட்டினார்.