ஒரு ‘வேணும்’ செய்த குழப்பம்: முத்துக்குளித்துறையில் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார்

நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? 1540-களில் முத்துக்குளித்துறையில் அதுதான் நடந்தது. பிரான்சிஸ் சேவியருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து சொன்னார். விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ நுழைந்துவிட்டது. 1544-ல் அவரே அதைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

ஒரு சொல் சரியாகிவிட்டது. மற்ற சொற்கள்? அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்தான் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார்.

யார் இவர்?

1520-ல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபை இவரை வெளியேற்றியது. பிறகு இயேசு சபையில் சேர்ந்து, 1546-ல் கோவா வந்தார். அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். மணப்பாடு, பெரியதாழை, புன்னைக்காயல் என்று பரதவர் ஊர்கள் வரிசையாக இருக்கும் கரை அது.

என்ன செய்தார்?

லத்தீன் படிப்பதுபோல வினைச்சொற்களை வரிசைப்படுத்தித் தமிழ் கற்றார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையைக் குறைத்துக்கொண்டு தானே பேசினார். போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். கடற்கரை மக்களின் பேச்சு வடிவங்கள் பலவும் அதில் பதிவாகியுள்ளன. 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் இவரது 16 பக்க ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் பழமையானது அதுதான்.

இதற்கும் இன்றைய ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?

சமூக அறிவியலில் பண்புசார் ஆய்வு என்று ஒரு வழி உண்டு. எத்தனை பேர் என்று எண்ணுவதோடு அது நிற்காது. ஒரு செயலுக்கு அந்த மக்களே என்ன பொருள் தருகிறார்கள் என்று கேட்கும். மாக்ஸ் வெபர் இந்தப் புரிதலைச் சமூகவியலின் அடிப்படையாக வைத்தார். மக்களோடு தங்கி, அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும் என்பதை மலினோவ்ஸ்கி 1922-ல் ஆய்வு முறையாக வகுத்தார். புன்னைக்காயலில் தேவையே அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அப்போ இவர் ஆய்வாளரா?

இல்லை. மக்களைப் புரிந்துகொள்ள மட்டும் இவர் வரவில்லை, மாற்றவும் வந்தார். எந்தத் தமிழ்ச் சொல் மதத்துக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்ததும் இவர்கள் தரப்புதான். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதையும் கணக்கில் எடு என்று இன்றைய ஆய்வு முறை சொல்வது இதனால்தான். அவர் இலக்கணத்தில் அந்தக் கரையின் பேச்சு இருக்கிறது. ஆனால் அது ஒரு பாதிரியார் காதில் விழுந்த பேச்சு.

சுமார் 53 வருஷம் இந்தக் கரையிலேயே இருந்தார். 1600-ல் இறந்த அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.