ஆண்கள் ரேஸில் ஒரே ஒரு பெண்... யார் இந்த அல்போன்சினா ஸ்ட்ராடா?

மதுரையில் காலை 8 மணிக்கு மேலூர் ரோட்டில் நின்றால், யூனிஃபார்மில் சைக்கிள் மிதித்துப் போகும் மாணவிகளைப் பார்க்கலாம். யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால் 100 வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டியதையே ஊர் கேலி பேசியது. அவர்தான் அல்போன்சினா ஸ்ட்ராடா.

கல்யாணப் பரிசு சைக்கிள்!

1891-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கொண்டுவந்த பழைய சைக்கிளில்தான் ஓட்டப் பழகினார். பிறகு கல்யாணம். கணவர் லூய்ஜி கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ரேஸ் சைக்கிள்.

ஆண்களோடு ஏன் ஓட்டினார்?

அப்போது பெண்களுக்கென்று பெரிய ரோடு ரேஸே கிடையாது. அதனால் 1917-ல் ஆண்களுக்கான லொம்பார்டி ஒருநாள் பந்தயத்தில் இறங்கினார். தூரம் 200 கி.மீ.க்கு மேல். அதாவது, மதுரையில் கிளம்பி திருநெல்வேலியையும் தாண்டிப் போகிற தூரம்! பல ஆண்கள் பாதியிலேயே விலகினர். அல்போன்சினா முடித்துக் காட்டினார். அடுத்த வருஷமும் ஓட்டினார்.

1924-ல் என்ன நடந்தது?

இத்தாலியைச் சுற்றி வரும் 'ஜிரோ' ரேஸ். 12 கட்டம், 3,613 கி.மீ. பணத் தகராறில் முன்னணி வீரர்கள் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அல்போன்சினாவுக்கு இடம் கிடைத்தது. பெயர்ப் பட்டியலில் ஆண் பெயர் மாதிரி 'அல்போன்சின்' என்று போட்டார்கள்.

பெருஜியா போகும் வழியில் மழை, சேறு. கீழே விழுந்ததில் ஹேண்டில்பார் உடைந்தது. துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார் என்கிறார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டது. அதனால் ரிசல்ட் பட்டியலில் இருந்து நீக்கினார்கள். ஓட்ட மட்டும் அனுமதித்தார்கள். விடவில்லை அவர். 90 பேர் கிளம்பிய ரேஸில் கடைசிவரை தாக்குப்பிடித்தது 30 பேர் சொச்சம்தான். அதில் அவரும் ஒருவர்!

அப்புறம்?

மறுவருஷம் இடம் மறுக்கப்பட்டது. பிறகு மிலன் நகரில் சைக்கிள் கடை நடத்தினார். பெண்களுக்கான முதல் ரோடு ரேஸ் உலக சாம்பியன்ஷிப் 1958-ல்தான் நடந்தது. அப்போது அவருக்கு 67 வயது. மறுவருஷமே காலமானார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு சைக்கிள் ரோடு ரேஸ் வந்தது 1984-ல்.

பெண்களுக்கு ரோடு ரேஸ் என்பது தானாக வந்துவிடவில்லை. ரிசல்ட்டில் பேர் வராது என்று தெரிந்தும் மிலன் வரை மிதித்த ஒருத்தரும் அதற்குக் காரணம்.