மறுபதிப்பே மறுமொழி

என் பணியில் ஐந்து குறைகளைச் சுட்டி மேலதிகாரி அனுப்பிய கடிதத்துக்குச் சென்ற வாரம் இரவெல்லாம் விழித்திருந்து மறுப்பு எழுதினேன். அனுப்பப்போகும் வேளையில் உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயர், பல சுவடிகளை ஒப்புநோக்கி 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். பாராட்டுகளோடு கண்டனங்களும் எழுந்தன. பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று துண்டு வெளியீடுகள் உலவின. அப்போது அவருக்கு வயது 32. மனம் புண்பட்டுச் சமாதானம் எழுத முற்பட்டார். மறுப்பில் இறங்கினால் காலமெல்லாம் அதிலேயே கழிந்துவிடும் என்று நண்பர் சாது சேஷையர் தடுத்தார், ஐயரும் இணங்கினார்.

அவ்வாறு மிச்சமான காலத்தில்தான் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை அச்சேறின. கண்டித்தோருக்கு விடையளிக்காதவர், பிழைகளைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. ஆராய்ச்சியைத் தொடர்ந்து, திருத்திய சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை 1907-இல் வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து வந்த அந்நூலே அவருடைய மறுமொழி என்று கருதுகிறேன்.

என் மறுப்பைக் கிழித்தெறிந்தேன். சுட்டப்பட்ட ஐந்தில் இரண்டு மெய்யான குறைகள். அவற்றைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். மற்ற மூன்றும் இன்னமும் உறுத்துகின்றன. ஆயினும் அவற்றுக்கு விடை எழுதப்போவதில்லை.