விடுதியில் முளைத்த ஆலமரம்: கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கர்மவீரர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவர் காமராஜ். ஆனால் சாத்தாரா, கராட் பக்கத்துக் கிராமங்களில் போய்க் கர்மவீர் என்று சொன்னால், அங்குள்ள மக்கள் வேறொருவரைத்தான் நினைப்பார்கள். நீண்ட வெண்தாடி, கதர் உடை, கையில் ஒரு தடி. அவர் பெயர் பாவுராவ் பாட்டீல்.

புனேயிலிருந்து மீரஜ் செல்லும் ரயில் பாதையை ஒட்டிய பல ஊர்களில், பள்ளிக்கூட வாசலில் ஆலமரச் சின்னம் வரைந்த பலகையைப் பார்க்கலாம். ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்று அதில் எழுதியிருக்கும். ரயத் என்றால் உழுது பிழைக்கும் குடிமக்கள். ரயத்துவாரி என்ற சொல்லைக் கேட்ட நம்மவர்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். அந்த ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவர் பாவுராவ். பம்பாய் ராஜதானியின் கிராமங்களில் பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்த அவர், தம்முடைய உயர்நிலைப் படிப்பையே முடிக்காதவர்!

கிணற்று ராட்டினம்

கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்ற ஊரில் 1887-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பாவுராவ் பிறந்தார். ஜைன சமயத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தை ரெவினியூ இலாகாவில் குமாஸ்தா. ஊர் ஊராக மாற்றல் வரும். பிள்ளைகளின் படிப்பும் அதோடு இடம் மாறும்.

சிறு வயதிலேயே அவர் முரட்டுப் பிள்ளை. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி இல்லை என்று அறிந்ததும், அந்தக் கிணற்றின் ராட்டினத்தையே உடைத்துப் போட்டார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

மேற்படிப்புக்காகக் கோலாப்பூர் வந்தார். ஜைன மாணவர் விடுதியில் தங்கிப் படித்தார். கோலாப்பூரை அப்போது ஆண்டவர் சாகு மகாராஜா. 1902-லேயே பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு வேலையில் பாதி இடங்களை ஒதுக்கியவர். ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளைக்கும் தங்கிப் படிக்க இடம் வேண்டும் என்று விடுதிகள் ஏற்படுத்தியவர்.

குளிக்க மறுத்தார்

1908-ல் தீண்டத்தகாதோர் பிள்ளைகளுக்கென்று கோலாப்பூரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அந்த விழாவுக்குப் பாவுராவ் போனார். திரும்பி வந்ததும், தீட்டுக் கழியக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஜைன விடுதியில் கூறினார்கள். அவர் மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது.

படிப்பும் நிலைக்கவில்லை. இங்கிலீஷ் ஆறாம் வகுப்போடு நின்றது. கணக்குப் பாடம் அவருக்குக் கடைசி வரை வசப்படவில்லை.

சாத்தாராவுக்கு வந்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். ஊரில் அவருக்குப் பாட்டீல் மாஸ்டர் என்று பெயர் வந்தது. பரீட்சையில் தேறாதவர் மாஸ்டர் ஆனது இப்படித்தான்.

1914-ல் ஒரு சோதனை வந்தது. கோலாப்பூரில் ஒரு சிலைக்கு யாரோ தார் பூசிவிட்டார்கள். ஜைன சமூகப் பிரமுகர் அண்ணாசாகேப் லட்டேவை அதில் சிக்க வைக்கப் பாவுராவிடம் பொய்ச் சாட்சி கேட்டார்கள். அவர் இணங்கவில்லை. போலீஸ் காவலில் கொடுமைகளை அனுபவித்தார். பொய் மட்டும் சொல்லவில்லை.

கலப்பை வியாபாரி

பிறகு பிழைப்புக்காக ஓகலே கண்ணாடித் தொழிற்சாலைக்கும், கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைக்கும் விற்பனையாளராக வேலை பார்த்தார்.

இரும்புக் கலப்பை அந்த நாளில் புதிது. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். பேச்சினால் அந்தப் பயம் போகாது. வயலில் இறங்கி உழுது காட்ட வேண்டும். இந்த வேலையாகக் கிராமம் கிராமமாகச் சுற்றியதில் பாவுராவ் நாட்டுப்புறத்தை நன்றாகப் பார்த்தார். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்கும் பெரியவர்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகள். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்கள்.

அதே பிரயாணங்களில் அவருக்குக் கிராமத்து மராத்தி கைவந்தது. பிற்காலத்தில் பெரிய கூட்டங்களிலும் அவர் பேசியது விவசாயியின் பேச்சுத்தான்.

இதற்கு முன்பே, 1910-ல், துத்காவ் என்ற ஊரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கல்வி மண்டலி தொடங்கியிருந்தார். அதற்கு மூலதனம் பிடி தானியம். நம் ஊர்களில் பிடியரிசி எடுத்து வைப்பது போல, வீட்டுக்கு வீடு ஒரு பிடி தானியம் எடுத்து வைப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க அது உதவியது.

ரயத் பிறந்தது

1919-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, விஜயதசமி. கராட் தாலுகாவில் காலே என்ற கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா உதயமாயிற்று. ஜோதிராவ் பூலே தோற்றுவித்த சத்திய சோதக் இயக்கத்தில் பாவுராவுக்கு ஈடுபாடு உண்டு. அந்த இயக்கத்தாரின் கூட்டத்திலேதான் இந்த முடிவு எடுக்கப்பட்டது.

1924-ல் ஸ்தாபனத்தின் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாறியது. அங்கே பாவுராவ் நடத்திய விடுதி ஒரு விதத்தில் புதுமையானது. சாகு மகாராஜாவின் கோலாப்பூரில் மராட்டியருக்கு ஒன்று, ஜைனருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று தனித்தனி விடுதிகள் இருந்தன. பாவுராவ் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். மகார், மாங், மராட்டா, ஜைனர், முஸ்லிம் என்ற பேதம் கிடையாது. ஒரே அடுப்பு. ஒரே பந்தி. சோள பாக்ரியைப் பிள்ளைகளே தட்டினார்கள், பிள்ளைகளே பரிமாறினார்கள்.

சாத்தாரா போன்ற ஊரில், அதுவும் அந்தக் காலத்தில், இதைப் பலர் ஏற்கவில்லை. ஏற்க மறுத்தவர்கள் வெளியில் மட்டும் இருக்கவில்லை. பாவுராவின் வீட்டுக்குள்ளேயே அந்தப் போராட்டம் நடந்தது.

லட்சுமிபாய்

மனைவி லட்சுமிபாய் வசதியுள்ள, ஆசாரமான ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். புகுந்த வீட்டுக்கு நிறைய நகை போட்டு அனுப்பப்பட்டவர். கணவர் ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்து வந்தபோது அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை. பிறந்தது முதல் கற்ற ஆசாரத்தை ஒரே நாளில் விட முடியுமா?

ஆனால் பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். சிலருக்குத் தாய் இல்லை. சிலருக்குக் காய்ச்சல். பார்த்துப் பார்த்து அந்த அம்மாளின் மனம் மாறியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் தாயானார். பிள்ளைகள் பாடம் படித்த அதே வீட்டில் அவரும் ஒரு பாடம் படித்தார்.

விடுதியில் தானியம் தீரும்போதெல்லாம் அவருடைய நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு சமயம் பாவுராவ் நிதி திரட்ட வெளியூர் போயிருந்தார். விடுதியில் சமைக்க ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது கழுத்தில் கிடந்த மங்கல சூத்திரம் ஒன்றுதான். கணவன் உயிரோடிருக்கும்போது தாலியைக் கழற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லட்சுமிபாய் கழற்றிக் கொடுத்தார். அன்று பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

1930-ல் அவர் காலமானார். விடுதி ஒரு பெரும் கல்வி ஸ்தாபனமாக வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

காந்திஜி வருகை

1927 பிப்ரவரியில் காந்திஜி சாத்தாரா வந்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்பதைக் கண்டு மகிழ்ந்தார். விடுதிக்குச் சத்ரபதி சாகு விடுதி என்று பெயர் சூட்டினார். பின்னர் ஹரிஜன சேவா நிதியிலிருந்து அதற்கு உதவித் தொகையும் கிடைத்தது.

1932-ல் காந்திஜிக்கும் டாக்டர் அம்பேத்கருக்கும் இடையே புனே ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த ஒற்றுமையின் அடையாளமாக அதே ஆண்டு புனேயில் யூனியன் போர்டிங் என்ற விடுதியைப் பாவுராவ் தொடங்கினார்.

ஊரே பள்ளிக்கூடம்

விடுதிக்கு வரக்கூடிய பிள்ளைகள் சிலர்தான். ஊரிலேயே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே பள்ளியைக் கிராமத்துக்குக் கொண்டு போக முடிவு செய்தார்.

ஆசிரியர்கள் இல்லாமல் பள்ளி நடக்காது. எனவே 1935-ல் சாத்தாராவில் கிராம ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற கிராமத்து இளைஞர்கள் கிராமங்களுக்கே ஆசிரியர்களாகத் திரும்பினார்கள்.

கட்டிடத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. கோவில் மண்டபம் கிடைத்தால் அங்கே வகுப்பு. சாவடி கிடைத்தால் அங்கே. ஒன்றும் இல்லாவிட்டால் மரத்தடி. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து, பள்ளி அவர்களுடையது, அதைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர்களுடையது என்று எடுத்துரைப்பார். பணம் இல்லாதவர் தானியம் கொடுக்கலாம். தானியமும் இல்லாதவர் கல் சுமக்கலாம், மண் குழைக்கலாம். சர்க்கார் வந்து செய்யும் என்று உட்கார்ந்திருந்த ஊர்கள் இப்படித் தாமே ஒரு காரியத்தை நடத்திப் பார்த்தன. எழுத்து அறியாத பெரியவர்களுக்கு இது ஒரு பெரிய படிப்பு.

காந்திஜி 1948-ல் மறைந்த பிறகு, அவர் நினைவாக நூற்றியொரு உயர்நிலைப் பள்ளிகள் தொடங்குவது என்று பாவுராவ் உறுதி எடுத்தார். அந்தச் சமயத்தில் அவருடைய ஸ்தாபனத்துக்குச் சர்க்கார் மானியம் நிறுத்தப்பட்ட கஷ்ட காலமும் உண்டு. ஊர் மக்களின் ஆதரவால் அதையும் தாண்டினார். மானியம் பிறகு மீண்டும் கிடைத்தது.

உழைத்துப் படி

இலவசமாக எதையும் பெறக்கூடாது என்பதில் பாவுராவ் மிகவும் கண்டிப்பானவர். தானமாகக் கிடைத்த படிப்பு பிள்ளையைத் தலைகுனிய வைக்கும் என்று அவர் நினைத்தார். ஆகவே விடுதிப் பிள்ளைகள் தோட்டம் கொத்தினார்கள். கல்லும் முள்ளுமான தரிசைத் திருத்திப் பயிர் செய்தார்கள். கட்டிடம் கட்ட மண் சுமந்தார்கள். அந்த உழைப்பே அவர்கள் செலுத்திய கட்டணம்.

1940-ல் சாத்தாராவில் திறந்த மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளியும், 1947-ல் திறந்த சத்ரபதி சிவாஜி கல்லூரியும் இந்த முறையிலேயே நடந்தன. மராத்தியில் இதற்குக் கமவா வ சிகா என்று பெயர். சம்பாதி, படி என்று பொருள். பின்னாளில் மராட்டிய மாநிலத்தின் பல கல்லூரிகள் இதைப் பின்பற்றின.

மண் சுமப்பதில் மராட்டாப் பிள்ளை, மகார் பிள்ளை என்ற வித்தியாசம் தெரியாது. கூடையின் ஒரு பக்கத்தை ஒருவன் பிடித்தால் மறுபக்கத்தை இன்னொருவன் பிடித்துத்தான் ஆகவேண்டும். சாதியை ஒழிக்கப் பாவுராவ் சொற்பொழிவுகளை விட இந்தக் கூடையைத்தான் அதிகம் நம்பினார் என்று சொல்லலாம்.

திரும்பி வந்த பிள்ளை

இந்த விடுதியில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளில் ஒருவர் பி.ஜி. பாட்டீல். சீமைக்குப் போய்ப் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். பம்பாயில் கோர்ட்டுக்குப் போயிருந்தால் நிறையச் சம்பாதித்திருக்கலாம். அவர் சாத்தாராவுக்கே திரும்பி வந்து, சிவாஜி கல்லூரியின் பிரின்சிபால் ஆனார். பின்னாளில் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ரயத் பள்ளிகளில் படித்த பலர் அந்தப் பள்ளிகளிலேயே ஆசிரியராக வந்து சேர்ந்தார்கள். ஆலமரத்தின் விழுது தரையைத் தொட்டதும் அதுவே மரத்தைத் தாங்கத் தொடங்கிவிடும். ஸ்தாபனத்துக்கு ஆலமரச் சின்னம் எவ்வளவு பொருத்தம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கடைசி நாட்கள்

1959-ல் இந்திய அரசு பாவுராவுக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அதே ஆண்டு புனே பல்கலைக் கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஆறாம் வகுப்போடு நின்றவருக்குப் பல்கலைக் கழகமே பட்டம் கொடுத்தது.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1959 மே 9-ந் தேதி அவர் காலமானார். அப்போது ரயத் நடத்திய உயர்நிலைப் பள்ளிகள் மட்டும் நூறைத் தாண்டியிருந்தன. இன்று பள்ளிகளும் கல்லூரிகளுமாக அதன் கிளைகள் எழுநூறுக்கு மேல்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 22-ந் தேதி அந்தப் பள்ளிகளில் கர்மவீரரின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். மாணவர்கள் அவர் படத்தை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். நம்மவர்கள் யாரேனும் அன்று சாத்தாரா பக்கம் போக நேர்ந்தால், சற்று நின்று பார்க்கலாம். அந்தப் படத்துக்குப் பின்னால், எந்தப் பட்டமும் விருதும் பெறாமல், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த ஓர் அம்மாளையும் நினைத்துக் கொள்ளலாம்.